இறால் எந்தக் கடல் என்று சொல்லும் 'டெஸ்ட்': 86,000 ரூபாய்க்குப் பட்டை நாமம்

86,000 ரூபாய். கையில் மிஞ்சியது நாலு பக்க ரிப்போர்ட்டும் ஒரு ஹோலோகிராம் ஸ்டிக்கரும். கடல் உணவு ஏற்றுமதியில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பெயர் சொல்லப்போவதில்லை, ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக்கூடம்.

நாகைக் கடலில் பிடித்த டைகர் இறால்தான், பண்ணைச் சரக்கு இல்லை என்று பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) நிரூபிக்க வேண்டியிருந்தது. கூடத்தின் மேனேஜர், தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் மெஷினைக் காட்டி, "ரசாயனக் கைரேகை சார், கடலையே சொல்லிடும்" என்றார். சுவரில் என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) சான்றிதழ். அதைப் பார்த்துத்தான் முழுப் பணமும் முன்கூட்டியே போனது.

ரிப்போர்ட்டின் லட்சணம் இது. முதல் பக்கம் டிஎன்ஏ: இனம் பீனியஸ் மோனோடான், அதாவது டைகர் இறால். பண்ணையில் வளர்ப்பதும் அதே மோனோடான்தானே! டிஎன்ஏ இனத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. அடுத்து ஸ்ட்ரான்சியம் தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் (87/86) விகிதம் 0.7092, 'நாகைக் கடலுடன் பொருந்துகிறது'. பொருந்தாமல் என்ன செய்யும்? உலகத்துத் திறந்த கடல்நீர் எல்லாமே 0.7092தான். நார்வே மீனுக்கும் பொருந்தும்.

மூன்றாம் பக்கம்தான் வயிற்றெரிச்சல். கால்சியம், வெறும் சதையில் வரவே முடியாத அளவு. தலை, ஓடு, குடல் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் அடித்திருக்கிறார்கள். இறால் என்ன தின்றது என்று காட்டுவது கார்பன்-13 அளவு; ஓட்டின் கார்பனேட் அதை ஏற்றும், தலையில் இருக்கும் ஈரல் கொழுப்பு இறக்கும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம்? வால் சதையை மட்டும் எடுத்து, குடலை உருவி, ஃப்ரீஸ் டிரை செய்து, குளோரோஃபார்ம்-மெத்தனாலில் கொழுப்பை நீக்கி, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொடியை வெள்ளீயக் கேப்ஸ்யூலில் மடித்து, ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் ஐஆர்எம்எஸ் மெஷினில் போட வேண்டும். கொழுப்பு நின்றுவிட்டால் கடல் இறாலே சோயாத் தீவனம் தின்ற பண்ணை இறால் மாதிரிக் காட்டக்கூடும்.

பையர் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் படகு, எந்த மாதம் பிடித்த இறாலோடு ஒப்பிட்டீர்கள்? கூடத்தில் கேட்டால் "டேட்டாபேஸ் கான்ஃபிடென்ஷியல் சார்". அப்புறம் "சயின்டிஸ்ட் லீவு". அப்புறம் "மெயில் போடுங்க". கடைசியில் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள்: 'முடிவுகள் அளிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்'. இதற்கா 86,000 ரூபாய்? பாதியாவது கொடுங்கள் என்றதிலிருந்து போனையே எடுப்பதில்லை.

நல்ல கூடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனி, எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்று சொல்லும் ஸ்கோப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். இவர்களுடையதில் காட்மியம், ஈயம், பாதரசம் உண்டு, பிடித்த இடம் கண்டறிவது கிடையாது. ஒப்பீட்டு மாதிரி விவரம் தராதவனுக்கு அட்வான்ஸ் வேண்டாம். பாஸ்பேட்டில் ஊறிய சரக்கை அனுப்பாதீர்கள், சோடியம், பாஸ்பரஸ் அளவுகள் தப்பாக வரும். மொத்தச் சரக்கையும் ஒன்றாக அரைப்பேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், ஒவ்வொரு இறாலையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இன்பாக்ஸில் பெயர் கேட்காதீர்கள், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.