நாற்பது பேர், நான்கு ஹெட்செட்: கணினி விஞ்ஞான வகுப்புக்கு விஆரா, கேமா?

இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறை ஒன்றுக்கு உபகரணம் வாங்கக் கொஞ்சம் பணம் ஒதுங்கினால், கூட்டத்தில் யாராவது ஒருவர் விஆர் (மெய்நிகர் உண்மை) பேச்சை எடுக்காமல் இருக்கமாட்டார். அதற்குத் தலையில் மாட்டும் ஹெட்செட் நாலு வாங்குவதா, இல்லை அந்தக் காசில் லேபில் கிடக்கும் பழைய கணினிகளுக்கு ராமும் எஸ்எஸ்டியும் போட்டு கேம் வழியாகப் பாடம் நடத்துவதா? நாங்கள் கேம் பக்கம் போனவர்கள், இன்னும் அந்தப் பக்கமே சாய்ந்திருப்பவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தெரிந்த விஷயங்களை விரைவாகக் கடந்துவிடலாம். ஹெட்செட் மாட்டிய முதல் நிமிடத்தில் பிள்ளைகளிடம் வரும் வியப்பை எந்தக் கேமும் தராது. விலையும் முன்புபோல் இல்லை. மெட்டா குவெஸ்ட் 3எஸ் 2024 ஒக்டோபரில் 300 டொலருக்கு ஒரு சதம் குறைவாகச் சந்தைக்கு வந்தது. அது அமெரிக்க விலை. இங்கே வந்து சேரும்போது வரியும் கொண்டுவருபவரின் இலாபமும் ஏறியிருக்கும். உத்தரவாதம் பெரும்பாலும் விற்ற கடையின் வாய்ச்சொல்தான். அட்டைப்பெட்டிக் கண்ணாடி போதாதா என்று கேட்பவர்களுக்கு: கூகுள் 2014இல் கொண்டுவந்த கார்ட்போர்டின் விற்பனையை 2021இல் நிறுத்திவிட்டது. போனில் ஜைரோஸ்கோப் இருக்கவேண்டும். இருந்தாலும் தலையைத் திருப்புவதைத்தான் அது உணரும், ஓரடி முன்னால் நகர்ந்தால் அதற்குத் தெரியாது. ஒரு நாள் விளக்கத்துக்குச் சரி.

எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. இரண்டு மணித்தியால லேபில் ஒரு பிள்ளை தன் நிரலை எத்தனை தடவை ஓட்டிப் பார்க்கும்? எழுதி, ஓட்டி, அது உடைந்து, ஏன் உடைந்தது என்று தேடி, திருத்தி, மறுபடி ஓட்டும்போதுதான் நிரலாக்கம் கைக்கு வருகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 பேர், 4 ஹெட்செட், 120 நிமிடம். தொடக்க விளக்கத்துக்கு 15 போனால் மிச்சம் 105. நாலு ஹெட்செட்டுக்கும் சேர்த்து 420 நிமிடம், ஆளுக்குப் பத்தரை. துடைப்பது, பட்டியை இறுக்குவது, லென்ஸ்களின் இடைத்தூரத்தைச் சரிசெய்வது, தரையில் எல்லை வரைவது எல்லாம் அதில் மூன்று நிமிடத்தை விழுங்கும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஏபிகே (ஹெட்செட்டில் நிறுவும் கோப்பு) கட்டி, கேபிளால் ஏற்றி, மாட்டிப் பார்த்து, கழற்றிவிட்டு விசைப்பலகைக்குத் திரும்ப, சின்னத் திட்டத்துக்கே மூன்று நாலு நிமிடம் வேண்டும். ஆக ஆளுக்கு இரண்டு ஓட்டம். திரையில் ஓடும் கேமுக்கு எஃப்5 அழுத்தினால் போதும். யோசிக்கவும் தட்டச்சுக்கும் தாராளமாக மூன்று நிமிடம் விட்டாலும் 35 ஓட்டம் வருகிறது. ஒரு சஹன் தட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம்; ஒரு ஹெட்செட்டுக்குள் ஒரு தலைதான் போகும். இது மணிக்கூடு வைத்து அளந்ததல்ல, கைக்கணக்கு. ஹெட்செட்டை வைத்து முழு அரையாண்டையும் நடத்திய அனுபவமும் எங்களுக்குக் குறைவு. ஆனாலும் இரண்டுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள இடைவெளியை எந்த நேரசூசியாலும் அடைக்க முடியாது.

அந்த இரண்டு ஓட்டத்தையும் பராமரிப்பு அரிக்கும். மின்கலம் இரண்டு மணித்தியாலம் தாங்கும், கொஞ்சம் கூடலாம் குறையலாம். திரும்ப நிரம்ப அதே அளவு நேரம் வேண்டும். காலை லேபுக்கும் பின்னேர லேபுக்கும் நடுவே கரண்ட் போனால் பின்னேர வகுப்பு போனமாதிரித்தான். விடுமுறைக்கு வெறுமையாக வைத்துவிட்டுப் போனால் மின்கலம் கெடும்; பாதியளவு ஏற்றி, முழுதாக அணைத்து வையுங்கள். விடுமுறை முடிந்து திறந்ததும் முதல் வேலையாக இற்றைப்படுத்தல் கேட்கும். வளாக வைஃபை கடவுச்சொல் கேட்டு ஒரு பக்கத்தைக் காட்டினால் ஹெட்செட் அங்கேயே முழித்துக்கொண்டு நிற்கும். முதல் நாளே போன் ஹொட்ஸ்பொட்டில் இற்றைப்படுத்தி வைப்பதுதான் வழி.

பயனர் கணக்குச் சிக்கல் இதைவிட மோசம். நாமே எழுதிய நிரலை ஹெட்செட்டில் ஏற்ற வேண்டிய டெவலப்பர் மோடுக்கு ஒரு மெட்டா கணக்கு தேவை. தற்காலிக விரிவுரையாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் பதிந்தால், ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்போது சாவியும் அவரோடு போகும். துறையின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை அலுவலகக் கோப்பில் வையுங்கள். புதுக் கணினியில் செருகும்போது யூஎஸ்பி பிழைத்திருத்த அனுமதி ஹெட்செட்டுக்குள்ளேதான் தோன்றும், வெளியே எதுவும் தெரியாது. மாட்டிப் பார்த்து ‘எப்போதும் அனுமதி’ கொடுக்கும் வரை ஏடிபி (கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) அசையாது. ஹெட்செட் பட்டியலிலேயே வரவில்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும்.

பிறகு நம் வெயில். லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. ஜன்னலோர மேசையில் லென்ஸ் வெளியே பார்க்கக் கிடந்தால், வெயில் குவிந்து உள்ளேயிருக்கும் திரையில் பொட்டு விழும். சில நிமிடமே போதும், திருத்தவும் முடியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வையும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் முகப்பஞ்சில் ஊறி நாறும். ஆகவே கழுவக்கூடிய சிலிக்கன் உறை கட்டாயம். உறையை ஈரத்துடைப்பானால் துடைக்கலாம், லென்ஸில் அல்ககோல் படவே கூடாது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். ஏசி குளிரில் கிடந்த லென்ஸ் முகச்சூட்டில் பனிக்கும், ஐந்து நிமிடம் முன்னதாக இயக்கிவைத்தால் தெளியும். ஹிஜாபுக்கு மேலாகவே பட்டியைப் போடலாம், ஆனால் நெற்றியோரம் குத்தியிருக்கும் ஊசி லென்ஸைக் கீறும். தலைச்சுற்றல் வேறு இருக்கிறது: கைப்பிடியின் குச்சியால் வழுக்கி நகரும் காட்சிகளில் அதிகம், தாவி நகரும் முறையில் குறைவு. நோன்பு மாதத்துப் பகலில் இந்த லேபையே வைக்காதீர்கள். வெறும் வயிற்றோடு இருப்பவரைச் சுழற்றுவது நியாயமில்லை.

இனி கேம். கேம் என்றால் பிள்ளைகளை விளையாட விடுவதல்ல, கேமுக்குள் ஓடும் நிரலை எழுத வைப்பது. பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு, நிரலால் இயங்கும் டாங்கிகள் சண்டையிடும் ரோபோகோட் என்ற கேமை மிஞ்ச இன்னொன்று எங்கள் கண்ணில் படவில்லை. 2001இல் ஐபிஎம் வெளியிட்டது, இன்று திறந்த மூலம், இலவசம், ஜாவா இருந்தால் எந்தப் பழைய கணினியிலும் ஓடும். பிள்ளை ஆயத்தமாக இருக்கும் ஒரு நிரல் வகுப்பை (கிளாஸ்) மரபுரிமையாக எடுத்து டாங்கியின் நடத்தையை எழுதவேண்டும். சூட்டின் பலம் 0.1 முதல் 3 வரை. குண்டின் வேகம், 20இலிருந்து பலத்தின் மும்மடங்கைக் கழித்தால் வருவது. பலம் 1 என்றால் வேகம் 17, சேதம் 4. பலம் 3 என்றால் சேதம் 16, ஆனால் வேகம் 11தான். 400 பிக்சல் தூரத்தை அந்தக் குண்டு கடக்க 36 காலப்படிகள் ஓடிவிடும். 8 பிக்சல் வேகத்தில் போகும் எதிரி அதற்குள் 290 பிக்சல் அளவு தள்ளிப் போயிருப்பான். எங்கே சுடுவது என்று கணிக்க உட்காரும் பிள்ளை, யாரும் சொல்லாமலே திரிகோண கணிதத்தைத் தூசி தட்டும்.

தடுக்கும் இடங்களும் வழக்கமானவை. ரோபோகோட்டில் 0 பாகை வடக்கு, கோணம் வலஞ்சுழியாக ஏறும். கணித வகுப்பில் 0 கிழக்கு, இடஞ்சுழி. பாதிப் பேரின் குண்டு தொண்ணூறு பாகை விலகிப் போவது இதனால்தான். உடல் திரும்பினால் துப்பாக்கியும் ரேடாரும் கூடவே திரும்பும் என்பதைக் கவனிக்கமாட்டார்கள். டாங்கிக்கான உயர்நிலை நிரல் வகுப்புக்கு மாறியதும் ‘செட்’ என்று தொடங்கும் கட்டளைகளைக் கொடுத்துவிட்டு ‘எக்ஸிகியூட்’ அழைக்க மறப்பார்கள். டாங்கி சும்மா நிற்கும், பிறகு முடக்கப்படும். இணையத்தில் ஆயத்த டாங்கிகள் குவிந்து கிடப்பதால் வெற்றிக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். போட்டியன்று காலையில் களத்தின் அளவை 800க்கு 600இலிருந்து மாற்றி, பத்து நிமிடத்தில் நிரலைத் திருத்தச் சொல்லுங்கள். இரவல் வாங்கியவர் யாரென்று தானாகத் தெரியும்.

தரவுக் கட்டமைப்புப் பாடத்துக்குக் கட்டம் போட்ட வரைபடம் போதும். மட்டக்களப்பு வாவியை நீலக் கட்டங்களாக்கி, குறுக்கே கல்லடிப் பாலத்தை மட்டும் ஒரேயொரு வழியாக விடுங்கள். இலக்கு நேரெதிர்க் கரையில். கிட்டத்தை மட்டும் பார்க்கும் பேராசைத் தேடல் கரைக்கு ஓடிவந்து தண்ணீரோரம் தடவிக்கொண்டே நிற்பதைத் திரையில் நிறம் நிறமாகப் பார்க்கலாம். வந்த தூரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஏ ஸ்டார் தேடல் ஏன் தேவை என்பதற்கு வேறு விரிவுரை வேண்டாம். அடுத்த கிழமை மூலைவிட்ட நகர்வை 1.4 செலவில் அனுமதித்து, குறுக்கு நெடுக்குத் தூரங்களைக் கூட்டிச் சொல்லும் மன்ஹாட்டன் மதிப்பீட்டை மாற்றாமல் விடச் சொல்லுங்கள். மதிப்பீடு இப்போது உண்மைத் தூரத்தை மிஞ்சுவதால், வரும் பாதை குறுகியதாக இருக்கும் என்ற உறுதி போய்விடும். கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் மறக்காது. பாலத்தை நீக்கினால் வரைபு (கட்டங்களும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும்) இரண்டு துண்டாகும். வரைபுக் கோட்பாட்டில் அந்த விளிம்பின் பெயரும் பாலம்தான்.

கேம் உருவாக்கும் கருவி எது என்று கேட்டால் கோடோ. நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவில் கொண்டுபோய் அப்படியே ஓட்டலாம். யூனிட்டியோ ஆண்ட்ராய்டு பகுதிகளோடு பல ஜிபி கேட்கும். பழைய கணினியில் கோடோவின் ‘கொம்பாட்டிபிலிட்டி’ முறையைத் தெரிவு செய்யுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்படைகள் திறக்கும்போது மாற்றக் கேட்டுக் குழப்பும். வேகத்தை டெல்டாவால் (இரண்டு சட்டகங்களுக்கு இடையிலான நேரம்) பெருக்கிவிட்டு ‘மூவ் அண்ட் ஸ்லைட்’ என்ற நகர்த்தும் செயற்கூறை அழைப்பது தொடக்கக்காரரின் நிரந்தரப் பிழை. அது டெல்டாவைத் தானே கணக்கில் எடுக்கும், ஆகவே பாத்திரம் ஆமைபோல ஊரும். பைதன் மொழிக்கான பைகேமில் இதற்கு நேர்மாறு: கடிகாரத்தால் வேகத்தைக் கட்டாவிட்டால் புதுக் கணினியில் பறக்கும், பழையதில் நகரும்.

கேமுக்கும் ஒரு நோய் உண்டு. பிள்ளைகள் படம் வரைவதிலும் பாட்டுச் சேர்ப்பதிலும் லேபைத் தொலைத்துவிடுவார்கள். சதுரமும் வட்டமும் மட்டும், ஒலி கிடையாது என்று முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

விஆர் தோற்கவே செய்யும் என்று சொல்லவில்லை. கணினி வரைகலையிலும் மனித-கணினி ஊடாட்டத்திலும் அதன் இடம் வேறு. 90 ஹேர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கு 11.1 மில்லி செக்கன்தான், அதுவும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. தாமதித்தால் தலை சுற்றும். செயற்றிறன் என்ற சொல்லுக்கு இவ்வளவு உடனடியான தண்டனை வேறெங்கும் இல்லை. ஆனால் 2019இல் மக்ரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவியல் ஆய்வுகூடப் பாவனையாக்கம் ஒன்றை ஹெட்செட்டிலும் திரையிலும் ஒப்பிட்டபோது, ஹெட்செட்டில் ‘அங்கேயே இருக்கும்’ உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. அது நிரலாக்கப் பாடமல்ல, ஆகவே அதை வைத்து அதிகம் வாதாடமாட்டோம்.

இரண்டுக்கும் நடுவே ஏ-ஃபிரேம் என்ற வலைநிரல் கருவி இருக்கிறது. உலாவியிலேயே விஆர் காட்சி எழுதலாம், 35 ஓட்டமும் கிடைக்கும், ஹெட்செட்டைக் கடைசியில் மட்டும் மாட்டலாம். ஒரு பொறி உண்டு: பாதுகாப்பான இணைப்பு இல்லாத முகவரியில் வெப்எக்ஸ்ஆர் (உலாவியின் விஆர் வசதி) திறக்காது. கணினியில் ஓடிய பக்கம் ஹெட்செட்டில் விஆர் பொத்தானைக் காட்டாவிட்டால் காரணம் இதுதான். ஏடிபியின் ‘ரிவர்ஸ்’ கட்டளையால் போர்ட்டைத் திருப்பி, ஹெட்செட்டிலும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறந்தால் வேலை செய்யும்.

ஆகவே பணம் வந்தால் முதலில் ராமும் எஸ்எஸ்டியும். மிஞ்சினால் ஒரேயொரு ஹெட்செட், இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யும் நாலைந்து பேருக்கு, கையெழுத்துப் பதிவேட்டோடு. வகுப்பு பத்துப் பேருக்குள் என்றால் எங்கள் கணக்கு மாறும், அப்போது இரண்டு வாங்கலாம். எத்தனை வாங்கினாலும் மூடியுள்ள பெட்டியில், நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாரியில் கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் காயவைத்துப் போடவேண்டும்.