அடாபலீன் ஜெல்: இன்னும் வராத பருவுக்கான மருந்து

அடாபலீன் ஜெல் தடவ ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. "வேலை செய்யுதா?" என்று யாராவது கேட்டால், செய்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எதற்கு வேலை செய்யும், எதற்குச் செய்யாது என்று தெரியாமல் வாங்கினால் முதல் மாதத்திலேயே ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். எனக்குத் தெரிந்து நிறைய பேர் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

என் தோலைப் பற்றி முதலில். மாநிறம், எண்ணெய்ப் பசை, வயது முப்பதை நெருங்குகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் தொட்டால் நறநறவென்று இருக்கும் பொடிப் பருக்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தாடை ஓரத்தில் வலியோடு கிளம்பும் பெரிய பருக்கள். பரு அமுங்கினாலும் அந்த இடத்தில் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். நம் நிறத்துக்காரர்களுக்குப் பருவைவிட இந்தத் தடம்தான் பெரிய தலைவலி.

தோல் மருத்துவர் எழுதித் தந்தது 0.1 சதவீத அடாபலீன், 15 கிராம் ட்யூப். வைட்டமின் ஏ வழியில் வேலை செய்யும் ரெட்டினாய்டு குடும்பத்து மருந்து இது. குடும்பத்தில் மூத்தது ட்ரெட்டினாயின். பருவுக்காக அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்றது. அடாபலீன் அங்கே 1996-இல் வந்தது, 2016-இலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். இந்தியாவில் சட்டப்படி சீட்டு வேண்டும். மெடிக்கல்ஸில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

மயிர்க்கால் துளையின் உட்பக்கத்திலிருந்து உதிரும் செல்கள், சுரக்கும் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. கண்ணுக்கே தெரியாத இந்த அடைப்புதான் பல வாரம் கழித்து வெள்ளைப்புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ சிவந்த பருவாகவோ வெளியே வருகிறது. ரெட்டினாய்டு கை வைப்பது அந்த அடைப்பில்தான். அதனால், நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு மூக்கில் ஒரு பரு என்று அதன் தலையில் மட்டும் ஜெல்லைப் பொட்டு வைத்தால் ஒன்றும் நடக்காது. பரு இல்லாத இடத்தையும் சேர்த்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். பலன் தெரிய மூன்று மாதமாவது பிடிக்கும். மருத்துவர் இதைச் சொன்னபோது தலையாட்டினேன். கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் மூன்று மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று புரிந்தது.

ஏனென்றால் முதல் சில வாரங்களில் முகம் நன்றாக ஆவதற்குப் பதில் மோசமானது. உள்ளே ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த பருக்கள் வரிசையாக மேலே வந்தன. மூக்கின் இரண்டு ஓரமும் வாய் முனையும் சிவந்து, பொடிப் பொடியாக உரிந்தன. எலுமிச்சை ஊறுகாய் வாய் முனையில் பட்டால் சுரீர் என்று எரியும். அந்த மாதம் முழுக்கத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அப்பளம்தான். "என்னடி, முகம் பாம்புச் சட்டை மாதிரி உரியுது, அந்தக் கருமத்தை நிறுத்தித் தொலை" என்றார் அம்மா. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். என்னைக் காப்பாற்றியது இடைவெளி. இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரவு முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் பட்டாணி அளவு ஜெல். மூக்கு ஓரத்திலும் வாய் முனையிலும் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின். பட்டாணி அளவு என்றால் முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பட்டாணி. தினமும் தடவினாலும் 15 கிராம் ஒன்றரை மாதம் தாராளமாக வரும். அதற்கு முன்பே தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம்.

நெற்றியின் நறநறப்புதான் முதலில் போனது. ஒருநாள் முகம் கழுவும்போது கைக்குத் தெரிந்தது, கண்ணாடியில் தெரிவதற்கும் முன்னால். மூன்றாவது மாதம் முடிவில் கன்னமும் ஏறக்குறைய அடங்கிவிட்டது. தாடை மட்டும் அடங்கவில்லை. ஹார்மோன் கிளப்பிவிடுகிற பருவுக்கு இந்த ஜெல் மட்டும் பற்றாது. மருத்துவர், பருக் கிருமியைக் கொல்லும் பென்ஸாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் கலந்த அடாபலீனுக்கு மாற்றினார். கொஞ்சம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. ஒரு எச்சரிக்கை: பெராக்சைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும். என்னுடைய அரக்கு நிறத் தலையணை உறையில் இப்போது ஆரஞ்சுத் திட்டுகள். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வாங்கிவிடுங்கள்.

கறுப்புத் தடங்கள் மெதுவாக மங்கின. அதில் ஜெல்லுக்குப் பாதி, சன்ஸ்க்ரீனுக்குப் பாதி என்று பங்கு பிரிப்பேன். நம் வெயிலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் ரெட்டினாய்டு போடுவது இறைத்த கிணற்றிலேயே தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிற வேலை. கல்லூரிக் காலத்துப் பருக்கள் விட்டுப்போன குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. அதை ஜெல் சரி செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடுவில் சில மாதம் மருத்துவர் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் கிரீம் கொடுத்துப் பார்த்தார். பருவைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எரிச்சல் மட்டும் கூடியது. தவிர, சாதாரண ட்ரெட்டினாயின் வெளிச்சத்திலும் பெராக்சைடோடு சேர்த்தாலும் சிதைந்துபோகும். அடாபலீன் இரண்டையும் தாங்கும். எனவே திரும்பி வந்துவிட்டேன். கடையில் அழகழகான பாட்டிலில் விற்கும் ரெட்டினால் சீரம் வேறு சங்கதி. அது தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகுதான் வேலைக்கு ஆகும். பருவுக்காக அந்த விலை கொடுக்க எனக்கு மனசில்லை.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ட்ரெட்டினாயினோடு ஸ்டீராய்டும், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களை "முகம் பளிச்சுன்னு ஆகும்" என்று கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அது மங்குவுக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்ச காலம் போடுவது. மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டே பருவைக் கிளப்பும், தோல் மெலிந்து சிவக்கும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அட்டையில் மூன்று மருந்துப் பெயர் இருந்தால் என்னவென்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், சின்ன விஷயங்கள். முகத்தில் வேக்ஸிங் செய்பவர்கள் சில நாள் முன்பே ஜெல்லை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோலே கூட வந்துவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தூங்கினால் நெற்றிப் பரு திரும்ப எட்டிப் பார்க்கிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதோடு சரி. நெற்றியில் ஒரே அளவில் அரிப்போடு பொரிப்பொரியாக வந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், ரெட்டினாய்டு அதற்கு மருந்தில்லை.

இப்போது வாரத்தில் மூன்று இரவு தடவுகிறேன். முழுக்க நிறுத்திப் பார்த்தபோது சில மாதத்தில் நறநறப்பு திரும்பியது. ஆனால் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது ரெட்டினாய்டை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் வந்தால் பருவுக்கே தடவும் இன்னொரு மருந்தான அசெலாயிக் அமிலத்துக்கு மாறலாம், கர்ப்பகாலத்தில் அதைப் போடலாம் என்றார் மருத்துவர்.