பாலைவனத்து ரமலும் லயத்து மணியும்: எந்த நாயை வளர்ப்பது?

கத்தாரில் வேலை செய்யும் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷன் தம்பி ஒருவர் போன வாரம் போன் எடுத்தார். தங்கியிருக்கும் கேம்புக்குப் பக்கத்தில் திரிந்த நாயொன்றுக்குச் சோறு வைத்துப் பழக்கிவிட்டாராம். "அண்ணே, ஒப்பந்தம் முடியுது. இதையும் கூட்டிக்கிட்டு வந்துரட்டுமா, இல்ல ஊருக்கு வந்து ஒரு குட்டி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். இதே கேள்வியோடு வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள். நான் 2023 பெப்ரவரியில் துபாயிலிருந்து ஒரு நாயை இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக்குக் கொண்டுவந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல்தான் ஒரு நாய் வேண்டும் என்று யோசிப்பவர் ஊர் நாயை எடுங்கள். லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலோ) டவுனிலோ பிறந்த குட்டி போதும். வெளிநாட்டு நாயைக் கொண்டுவர எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அது ஏற்கனவே உங்கள் நாயாகிவிட்டது, நீங்கள் விட்டுவிட்டு வந்தால் அதற்கு வேறு ஆள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன: துபாயிலிருந்து வந்த ரமல், ஊரில் பிறந்த மணி. போன வருடம் மூன்றாவதாக ஒன்று எடுத்தபோது எந்த யோசனையும் இல்லாமல் லயத்துக் குட்டியைத்தான் தூக்கி வந்தேன்.

அன்பு, நன்றி, காவல் இதிலெல்லாம் ஒப்பிட ஒன்றும் இல்லை. இரண்டும் நாய்தான். கண்டியிலோ கொழும்பிலோ காசு கொடுத்து அல்சேஷன் குட்டி வாங்குவது மூன்றாவது வழி. அதை நான் செய்ததில்லை. தெருவிலும் லயத்திலும் இத்தனை குட்டிகள் கிடக்கும்போது செய்யவும் மாட்டேன்.

துபாயில் ஆறு வருடம் நாய் விடுதி ஒன்றில் வேலை பார்த்தேன். முதலாளிமார் ஊருக்குப் போகும்போது நாய்களை விட்டுப் போகும் இடம் அது. கட்டடம் கட்டும் இடமொன்றில் கட்டிப் போட்டிருந்த சலுகி ஒன்றை ஒருநாள் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். முன்னங்கால் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. சலுகி என்பது அரபிகள் முயலுக்கும் மானுக்கும் காலங்காலமாக வேட்டைக்குக் கொண்டுபோகும் நாய். சிப்பிப்பாறை நாயைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உருவம் விளங்கும்: ஒட்டிய வயிறு, நீண்ட முகம், எண்ணிவிடக்கூடிய விலா. அரபியில் ரமல் என்றால் மணல். நிறம் அப்படி இருந்ததால் அந்தப் பெயர் வைத்தோம். நாலு வருடம் என் அறை வாசலில் படுத்தவளை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

பத்திர வேலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் அவசரப்படவும் வேண்டாம். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். உடம்பில் மைக்ரோசிப், விசர்நாய்க்கடித் தடுப்பூசி, புறப்படும் நாட்டு அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். சிப்பை முதலில் போட்டுவிட்டு அதன் பிறகு ஊசி போடுங்கள். சிப்பின் 15 இலக்கமும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு ஊசி அட்டையில் ஒரு இலக்கம் மாறிப்போய் இரண்டு கிழமை பயணம் தள்ளிப்போனது. கூட்டின் அளவும் முக்கியம், நாய் உள்ளே நிமிர்ந்து நின்று திரும்ப இடம் வேண்டும். எல்லாமாக என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. லயத்துக் குட்டிக்கு ஆன செலவு, பெற்ற நாயின் வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஒரு பால்மா பக்கெட்.

குளிர்தான் பெரிய பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். ரமல் முதல் மழையில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்று புல்லைப் பார்த்தபடி காலை முழுக்க மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் கொழுப்பே இல்லாத சாதி, மயிரும் ஒரு பூச்சு மாதிரித்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்கை வெட்டி, உள்ளே கம்பளித் துணி வைத்து, அடிவயிற்றில் நாடா வைத்து ஒரு அங்கி தைத்தார். அதைப் போட்ட பிறகுதான் மழையில் இறங்கினாள். வெறும் சீமெந்தில் படுத்தால் முழங்கைத் தோல் தேய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் மெத்தையும் வேண்டும். மணியோ சாம்பலில் சுருண்டு வாலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டால் விடியும் வரை அசைய மாட்டான். ஸ்டோர் விறகுக் கொட்டிலில் பிறந்தவன் அவன். நான் வெளிநாட்டில் இருந்தபோது அம்மா எடுத்து வளர்த்தார்.

குளிர், ஈரம், மெத்தை இதெல்லாம் காசாலும் கவனத்தாலும் சரிக்கட்டக்கூடியவை. என் தீர்ப்பு வேறொன்றில் இருக்கிறது, அது உண்ணி.

வந்த மூன்றாம் மாதம் ரமல் சாப்பாட்டைக் குறைத்தாள். குளிருக்குத்தான் என்று நினைத்தேன். அது என் பிழை. நாலாம் நாள் படியேறாமல் நின்றாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அன்று காலை அவள் பெய்த மூத்திரம் பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் கொல்லைக் கல்லில் ஓடியதை இன்றும் மறக்க முடியவில்லை. உண்ணிக் காய்ச்சலின் ஓர் அடையாளம் அது. உண்ணி கடிக்கும்போது பபேசியா என்ற கிருமி இரத்தத்துக்குள் இறங்குகிறது. சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கிறது. உடைந்த இரத்தத்தின் நிறம்தான் மூத்திரத்தில் வருகிறது.

வேன் பிடித்து நோர்வூட், ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலைக்குப் போனோம். மணியையும் ஏற்றிக்கொண்டுதான் போனேன். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், கொடுக்க இன்னொரு நாய் இருந்தால் நல்லது என்று போனில் பேசிய வைத்தியர் சொல்லியிருந்தார். நாயின் இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு சாதாரணமாக நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். சலுகி மாதிரி ஓட்ட நாய்களுக்கு அதைவிடக் கூடவே இருக்கும். ரமலுக்கு 14 இருந்தது.

மணியின் காதில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வைத்தியர் என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டமான அணுக்களுக்குள் ஊதாப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. ரமலின் தட்டில் நிறையத் தெரிந்த அதே புள்ளிதான். "இவனுக்கும் இருக்கு. ஆனா இவன் அதோட வாழப் பழகிட்டான்" என்றார். வெளியே மணி வேன் டயரில் காலைத் தூக்கிக்கொண்டு சுகமாக நின்றான்.

என் மனதில் இந்தக் கேள்வி தீர்ந்தது அந்த இடத்தில்தான். இங்கே பிறந்த குட்டியைச் சின்ன வயதிலேயே உண்ணி கடிக்கிறது. தப்பிப் பிழைக்கும் குட்டியின் உடம்பு கிருமியை அடக்கி வைக்கப் பழகுகிறது. அந்தக் கிருமியையே கண்டிராத ஆறு வயது உடம்பு ஒன்று நேரே வந்து அதன் முன்னால் நின்றால் தாங்காது. எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது.

மணியின் இரத்தத்தை எடுக்கவில்லை. சோதித்துச் சுத்தம் என்று தெரிந்திருந்த வேறொருவருடைய நாய் கொடுத்தது. ரமல் பிழைத்தாள். மருந்து வாரக்கணக்கில் போனது. ஆனால் இந்தக் கிருமி போய்விட்டது என்று யாரும் கையடித்துத் தரமாட்டார்கள். உடம்பு தளர்ந்தால் மறுபடி தலை தூக்கும். ஆறு மாதத்துக்கொரு தடவை இரத்தம் பார்க்கிறோம்.

அப்புறம் தினசரி வேலை. மாதத்துக்கு ஒரு உண்ணி மாத்திரை கொடுக்கிறேன். அதன் விலை கொழுந்து எடுக்கும் ஒருவரின் இரண்டு மூன்று நாள் சம்பளத்துக்குக் குறையாது. அந்த மாத்திரையும் உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும், கடிக்காமல் தடுக்காது. ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்ததும் டோர்ச் லைட்டோடு உட்கார வேண்டும். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டியின் அடி, அக்குள், விரல் இடுக்கு, வாலின் அடி என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்க்க வேண்டும். எள்ளு மாதிரித் தட்டுப்படுவது குஞ்சு, தட்டையாக இருப்பது இன்னும் குடிக்கவில்லை, துவரம்பருப்பு மாதிரி உப்பியிருந்தால் குடித்துக்கொண்டிருக்கிறது. சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் பூசக் கூடாது. எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். அட்டை வேறு கதை. இரத்தம் ஒழுகும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதனால் ரமலுக்கு ஒன்றும் வந்ததில்லை.

மணிக்கும் மாத்திரை கொடுக்கிறேன், அவன் உடம்பில் ஏறும் உண்ணிதான் அவளுக்கும் போகும் என்பதால். அவனையும் பார்க்கிறேன். ஆனால் அவனை இரண்டு நாள் பார்க்கத் தவறினாலும் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. ரமலை ஒரு இரவு விட்டாலும் மனம் அடிக்கும். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு போக முடிவதில்லை. மணியை லயம் முழுக்கத் தெரியும், யார் வாசலிலும் சாப்பிட்டுக்கொள்வான்.

ஊர் நாய்க்கு எதுவும் வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லயத்துக் குட்டிகள் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு வைரஸிலும் சொறியிலும் செத்துப் போவதைப் பார்த்தே வளர்ந்தோம். உண்ணிக் காய்ச்சலில் சாகும் ஊர்க் குட்டியும் உண்டு. போன வருடம் எடுத்த சின்னிக்கு முதல் மாதமே பூச்சி மருந்து கொடுத்து, பார்வோ ஊசியும் போட்டேன். விசர்நாய்க்கடி ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் டிவிஷனுக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். வருடாவருடம் கட்டாயம் கொண்டுபோய்ப் போடுங்கள்.

கருத்தடை சத்திரசிகிச்சையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சலுகி சாதிக்குச் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் தெளியாது. கொழுப்பு குறைந்த உடம்பு என்பதும், ஈரல் அந்த மருந்தை மெதுவாகவே உடைக்கும் என்பதும்தான் காரணம். இந்தச் சாதியைப் பார்த்திராத வைத்தியரென்றால் ஊசிக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

மலைக்குள் அவிழ்த்து விடும் விஷயத்திலும் மணி பக்கம்தான் நான். சிறுத்தை வாடை அடித்தால் அவன் குரைக்காமல் வந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். அதைப் பார்த்து நாங்களும் கதவைச் சாத்துவோம். ரமல் அந்த வாடையை அறியாதவள். முயல் ஒன்று ஓடினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு யார் தூரம் போய்விடுவாள். தேயிலைக்குள் பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்றே அப்படிச் சுருக்கில் மாட்டி, பிடித்துக் கொண்டுபோயும் பிழைக்காமல் இறந்தது. நாய் எம்மாத்திரம்? அவளுக்குக் கயிறு எப்போதும் உண்டு. விளையாட்டு மைதானம் வெறுமையாக இருக்கும் விடியற்காலையில் மட்டும் அவிழ்ப்பேன். கோணல் காலோடு அவள் ஓடுவதை அம்மா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

நான் சொல்வது ஒரு சலுகியையும் இரண்டு லயத்து நாய்களையும் வளர்த்த அனுபவம்தான். எங்கள் பக்கம் மழைப் பக்கம், பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயில் கூட. அங்கே ஈரத்தின் தொல்லை குறையலாம், உண்ணி குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். சடை நாய்களை விடுதியில் குளிப்பாட்டியிருக்கிறேனே தவிர இந்த மலையில் வைத்துப் பார்த்ததில்லை.

தம்பியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "நீங்க லீவுல வந்த ரெண்டு மாசம் அந்த நாய் என்ன செஞ்சிச்சு?" கேம்பில் வேறு யார் வைத்த சோற்றையும் ஒழுங்காகத் தின்னாமல் கேட் பக்கமே கிடந்ததாம், திரும்பிப் போனபோது பாதி உடம்பாகியிருந்ததாம். சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஜனவரி, பெப்ரவரியில் வந்து இறங்கும்படி பாருங்கள், மழைக்கு முன் பழக இரண்டு மாதம் கிடைக்கும். உண்ணி மாத்திரையை அங்கேயே தொடங்கிவிடுங்கள். வரும் முன் ஒரு தடவை இரத்தம் பார்த்து அந்தத் துண்டைக் கையில் கொண்டுவாருங்கள், நோய் வந்தால் ஒப்பிட அது வேண்டும். அம்மா இன்னொரு படங்கைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கழுத்துப் பட்டியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.