பழைய ஜிப்ஸியில் ஐந்து கியர் பெட்டி: திம்பம் மலையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி எம்ஜி 410. 970 சிசி பெட்ரோல் எஞ்சின், நாலு கியர். 1985 டிசம்பரில் முதன்முதலாக வந்த வகை இதுதான். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் கொடுத்தார்கள். அந்த கிங்கின் கியர் பெட்டியைக் கழற்றி என் வண்டியில் மாட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீடு சத்தியமங்கலத்தில், நிலம் தாளவாடிப் பக்கம். பண்ணாரி தாண்டினால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஐந்தாவது கியர் ஆசையில் செய்த வேலை இல்லை இது. பழைய பெட்டியில் மூன்றாவது கியர் நிற்காமல் போனதுதான் காரணம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பின்னால் உரமூட்டை, எதிரே மைசூர் லாரி, வண்டியோ நியூட்ரலில். இது உயிரோடு விளையாடுகிற விஷயம். கியர் பல்லின் ஓரம் தேய்ந்தாலும், கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்தாலும், கியரை இடத்தில் பிடித்து வைக்கும் இரும்புக் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இப்படி ஆகும். நாலு கியர் பெட்டிக்கு நல்ல உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிங் பெட்டிக்கு இன்னும் கிடைக்கிறது.

பெட்டி கோவையில் பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்தது. வாங்கப் போகிறவர்கள் அவசரப்படாமல் கடையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், கை உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். பல் உடைந்திருந்தால் ஓர் இடத்தில் கட்டாயம் தடுக்கும். அப்புறம் அடி போல்ட்டைத் திறந்து ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால், கியர் உராயாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையம் கரைந்திருக்கிறது. கறுப்பாக, விரலில் குத்துகிற துகள் வந்தால் அது எஃகு. அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

மாட்டுவது நினைத்ததைவிட எளிது. ஜிப்ஸியில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர் பெட்டியோடு ஒட்டியிருக்காது, தனியாகச் சேஸில் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். கிங் பெட்டி பழைய எஞ்சினில் நேராகப் போல்ட் ஆகிவிடுகிறது. வேலையெல்லாம் அந்தக் குட்டி ஷாஃப்ட்டில்தான். என் வண்டியில் ஃப்ளாஞ்சின் (ஷாஃப்ட் முனையில் போல்ட் போடும் தட்டு) துளைகள் ஒத்துவரவில்லை. லேத்தில் கொடுத்து ஒரு முனைக்கு வேறு ஃப்ளாஞ்ச் வைத்தோம். முதலில் செய்து வந்த ஷாஃப்ட் அறுபதைத் தாண்டியதும் தரையெல்லாம் அதிர்ந்தது. வேறொரு பட்டறையில் பேலன்ஸ் செய்த பிறகு அடங்கியது. பேலன்ஸ் செய்யாத ஷாஃப்ட்டை மாட்ட விடாதீர்கள், கியர் பெட்டியின் பின் சீலைத் தின்றுவிடும். பெட்டி கீழே இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின் சீல் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. கிளட்ச் பிளேட்டை பெட்டியின் ஷாஃப்ட்டில் போட்டு, பல் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

கடைக்காரர் கிங்கின் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார், விலையும் குறைவுதான். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரே வார்த்தையில் தடுத்துவிட்டார்: "அது வேண்டாமுங்க தம்பி. மலைக்கு உங்க பழசுதானுங்க வேணும்." அவர் சொன்னதன் அருமை ஓட்ட ஓட்டத்தான் புரிகிறது. கிங்கின் டிரான்ஸ்ஃபரில் ஹை (சாதாரண ஓட்டத்துக்கு) விகிதம் 1.409, லோ (சேறு, கடும் ஏற்றத்துக்கு) 2.268. பழைய 410-ல் இருப்பது சுமார் 1.58, 2.5. அதாவது கிங்குடையதைப் போட்டால் எல்லா கியரும் பன்னிரண்டு சதவீதம் வரை நீண்டு, இழுவை குறைந்துவிடும். 45 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது தாங்காது. இந்த மாற்றத்தைச் செய்கிற யாருக்கும் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: கியர் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். ஸ்பீடோ மீட்டர் கேபிளும் டிரான்ஸ்ஃபரிலிருந்தே வருவதால் மீட்டரும் பழையபடி சரியாகக் காட்டும்.

புதுப் பெட்டியின் முதல் கியர் விகிதம் 3.652. லோவில் போட்டு, அச்சின் விகிதமான 4.11-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 37-க்கு மேல் வருகிறது, அதாவது எஞ்சின் அத்தனை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. மழை பெய்த மறுநாள் எங்கள் காட்டு வண்டித்தடத்தில், செம்மண் சேற்றில், கிளட்ச்சைத் தொடாமலே வண்டி ஊர்ந்து ஏறுகிறது. முன்பு இதே இடத்தில் பாதி கிளட்ச்சில் இழுத்துக் கருகிய வாசம் வரும். திம்பத்தில் இறங்கும்போது இரண்டாவதில் விட்டால் வளைவுக்கு வளைவு பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், கியர் கல் மாதிரி நிற்கிறது. மாற்றியதன் முழுப் பலனும் எனக்கு இங்கேதான்.

எல்லோரும் கேட்பது ஐந்தாவதைப் பற்றி. அதன் விகிதம் 0.795. நாலாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும் வேகத்தில், இதில் 3200-க்குள் அடங்கும். அவிநாசியிலிருந்து பெருந்துறை நோக்கிப் போகும்போது அருமையாக ஓடும், பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் ஆடி மாதம் கோவை நோக்கி வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும், இந்தச் சதுர வண்டி அதைக் கிழித்துப் போகாது. ஐந்தில் மூச்சு முட்டும், நாலுக்கு இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் மிச்சம் சமவெளியில் கொஞ்சம் தெரிகிறது, மலையில் ஒன்றுமில்லை.

இதுவரை செலவு வைத்தவை சின்னவைதான். கியர் லீவரின் அடிப் புஷ் தேய்ந்து லீவர் தொளதொளத்தது, மாற்றினேன். டிரான்ஸ்ஃபரைத் தாங்கும் மூன்று ரப்பர்களில் ஒன்று கிழிந்தது. ஆயில் ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 ஊற்றுகிறேன். ஜிஎல்-5 பித்தளை வளையத்துக்கு ஆகாது என்பார்கள், அதனால் அதை எடுப்பதில்லை. குளிர்காலத்து விடியற்காலையில் ஆசனூரில் வண்டியை எடுத்தால் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஒரு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும்.

ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோது எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும்தான் பார்த்தார்கள். இரண்டும் மாறவில்லை என்பதால் பிரச்சினை வரவில்லை. எஞ்சின் புகை தள்ளுகிற வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பணத்தை எஞ்சினில் போடுங்கள், பெட்டி அப்புறம்.