லாங் டெயில் சைக்கிள் வாங்குமுன் பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதுச்சேரியில் சாமான் ஏற்றுவதற்கு, பின்பக்கம் நீளமான லாங் டெயில் சைக்கிள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 68,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய வண்டி நான்கே மாதத்தில், கடலூர் சாலை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே பின்பக்கம் பிளந்துவிட்டது. அதற்குப் பத்து நிமிடம் முன்புவரை என் மகள் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு வண்டியில் ஏறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

முதலியார்பேட்டையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். தினமும் காலையில் 30, 35 கிலோ. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்கூட்டரை என் கணவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆறு வருடமாக லேடீஸ் சைக்கிளின் கேரியரில் மாவு டப்பாவைக் கட்டி, ஹேண்டிலில் இரண்டு பை மாட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேரியரில் கனம் ஏறினால் முன்சக்கரம் தரையில் நிற்காது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மறுபடி மாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படியே காலையில் மூன்று நடை.

குயிலாப்பாளையம் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண் இரண்டு பிள்ளைகளையும் காய்கறிப் பைகளையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு. சாதாரண சைக்கிளில் பின்சக்கரம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். லாங் டெயிலில் அது ஒரு அடிக்கும் மேல் பின்னால் தள்ளிப் போயிருக்கும். அதனால் பாரம் சக்கரத்துக்குப் பின்னால் தொங்காமல் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காரும். பைகள் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும். மேலே நீளமான பலகையில் பிள்ளை உட்காரலாம். பெரிய மார்க்கெட் சந்துக்குள் ஆட்டோ நுழையாத இடத்திலும் நுழையும். நம் ஊர் மேடு பள்ளம் இல்லாத ஊர். கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கம் போனால்தான் கொஞ்சம் ஏற்றம். இந்த வண்டி நமக்கென்றே செய்தது மாதிரி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். குறை வண்டியின் அமைப்பில் இல்லை.

சீட்டுப் பணம் எடுத்து, புறவழிச்சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்தேன். மோட்டார் வைத்த லாங் டெயில். "ஃபிரேம் ஒரே பீஸ் அக்கா, இம்போர்ட்டட். 150 கிலோ அசால்ட்டா தாங்கும்" என்றார் அந்தத் தம்பி. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் அதையே அனுப்பினார். அதை அழிக்காமல் வைத்திருந்ததுதான் பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது. அட்வான்ஸ் 30,000, மீதி டெலிவரியில். இரண்டும் அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் போனது. பில் கேட்டேன். "கணக்குப் பார்க்கிறவர் லீவு, அடுத்த வாரம் வாங்கிக்குங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார். ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, ஃபிரேம் எண்ணும் இல்லை. அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் வண்டி வந்தது. பச்சை பெயிண்ட், பளபளவென்று இருந்தது. முதல் இரண்டு வாரம் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மகளும் மாவும் ஒரே நடையில் போனார்கள். திரும்பும்போது மார்க்கெட்டில் காய், ஒரு மூட்டை அரிசி. அரிசி மூட்டையோடு வீட்டு வாசலில் இறங்கியதும் மாமியார் ஆரத்தி எடுக்காத குறைதான்.

மூன்றாவது வாரம் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு அறுந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று. லாங் டெயிலில் பாரத்தில் பெரும்பங்கை வாங்குவது பின்சக்கரம்தான். அங்கே தடித்த கம்பியும் அகலமான ரிம்மும் வேண்டும். எனக்குப் போட்டிருந்தது சாதாரண கியர் சைக்கிளின் மெல்லிய கம்பி. நம் ஊரின் பழைய டபுள் பார் சைக்கிளுக்கே பின்சக்கரத்தில் 40 கம்பி உண்டு. பின்சக்கரத்திலேயே மோட்டாரும் இருக்கிற இந்த வண்டியில் 36தான். பட்டறைக்குப் போன் செய்தால், "லோடு அதிகம் ஏத்திட்டீங்க அக்கா." நான் 58 கிலோ, மகள் 24, மாவு 35. கூட்டினால் 117. அவர் சொன்ன 150க்கு எவ்வளவோ கீழே.

அடுத்தது பேட்டரி. 36 வோல்ட், 15 ஆம்பியர் ஹவர், ஒரு சார்ஜில் 50 கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தார். எனக்கு 15 கிலோமீட்டர்தான் வந்தது. என் தம்பி எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், அவன்தான் கணக்குச் சொன்னான். 36ஐ 15ஆல் பெருக்கினால் 540 வாட் ஹவர். பாரத்தோடு ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட் ஹவர் செலவானாலும் 36 கிலோமீட்டராவது வர வேண்டும். "அக்கா, முதல்ல அதை எடை போட்டுப் பாரு" என்றான். எதிர்வீட்டு மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். டப்பா, வயர் எல்லாம் சேர்த்து 2 கிலோ 50 கிராம். இந்த மாதிரி பேட்டரிக்குள் விரல் பருமனில் சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஒன்று ஏறக்குறைய 45 கிராம். 36 வோல்ட்டுக்குப் பத்து செல் வரிசையாக வேண்டும். ஒரு செல் 2.5 ஆம்பியர் ஹவர் என்றால் 15 வருவதற்கு அப்படி ஆறு வரிசை, மொத்தம் 60 செல். செல் மட்டுமே 2.7 கிலோ இருந்தாக வேண்டும். தெரிந்த பேட்டரிக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தால் உள்ளே 30 செல். நீலம், பச்சை, ரோஸ் என்று மேலுறை ஒவ்வொன்றும் ஒரு நிறம். பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்து எடுத்துச் சேர்த்தது என்றார் அவர். அதை இத்தனை நாள் ராத்திரி முழுக்க, மகள் தூங்கும் அறைக்கு வெளியே சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். நீங்களாக வீட்டில் பேட்டரியைத் திறக்காதீர்கள். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீ பிடிக்கும். எடை போட்டுப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

சரி, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரமே பின் பிரேக் மழையில் சட்டென்று விட்டுப்போனது. பின்சக்கரம் தூரமாக இருப்பதால் சாதாரண சைக்கிளின் பிரேக் வயர் இதற்கு எட்டாது, நீளமான ஒரே வயர் வேண்டும். இவர்கள் இரண்டு வயரை நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்து இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மாவோடு ரயில்வே கேட்டைக் கடந்தேன். கொஞ்ச நாளாகவே திருப்பங்களில் வண்டியின் பின்பாதி தனியாக நெளிகிற மாதிரி இருந்தது. நீளமான வண்டி என்றால் அப்படித்தான் இருக்குமாக்கும் என்று விட்டிருந்தேன். தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சீட்டு கீழே இறங்கியது, டயர் ஃபிரேமில் உரசி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த டெம்போக்காரர் பிரேக் பிடித்ததால் நான் இன்று எழுதுகிறேன். அவரும் இன்னொரு அண்ணனும் சேர்ந்து வண்டியையும் என்னையும் ஓரமாகத் தூக்கிவிட்டார்கள். மாவு முழுக்க ரோட்டில். முழங்காலில் நான்கு தையல். பின்பலகையில் மகள் பிடித்துக்கொள்கிற கம்பியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். இருக்கிற கம்பியைக் கோட்டம் எடுத்து இத்தனை நாள் ஓட வைத்தவர் அவர்தான். குனிந்து பார்த்தார். பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் கத்தி முனையால் சுரண்டினார். பச்சை பெயிண்ட் உதிர்ந்தது, அதன் கீழே சாம்பல் நிறத்தில் மாவு மாவாக ஏதோ உதிர்ந்தது. "இது பட்டிம்மா. கார்ல ஒடுக்கு எடுத்த இடத்துல வெச்சுத் தேய்ப்பாங்களே, அது." இன்னும் சுரண்டினார். நான்கு இடத்தில் வெல்டிங். யாரோ ஓட்டிப் போட்ட ஒரு கியர் சைக்கிளின் பின்பக்கத்தை அறுத்து, நடுவில் குழாய் வைத்து நீட்டியிருக்கிறார்கள். அந்தக் குழாய் வீட்டுக்குத் தண்ணீர் லைன் போடும் ஜிஐ பைப். முனையும் முனையும் அப்படியே முட்ட வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு குறுக்குத் துண்டுகூட இல்லை. வெல்டிங் மேடு தெரியாமலிருக்க கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். இருந்த கொஞ்ச பலமும் அதில் போய்விட்டது. பிளவின் உள்பக்கம் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. "இது இன்னைக்கு விட்டது இல்லம்மா. பல நாளா விட்டுக்கிட்டு இருந்திருக்கு" என்றார் ஐயா. அத்தனை நாளும் அதில் யார் உட்கார்ந்து போனது என்று அவருக்கும் தெரியும். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.

பட்டறைக்குப் போட்டோ அனுப்பினேன். "வெளிநாட்டிலும் சாதா சைக்கிளை இப்படித்தான் நீட்டுவாங்க, வேணும்னா 4,500 குடுங்க, மறுபடி வெல்டு பண்ணித் தர்றோம்" என்று பதில் வந்தது. இதை நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய எக்ஸ்ட்ராசைக்கிள் நிறுவனம் சாதாரண சைக்கிளை நீட்டும் துணை ஃபிரேம் ஒன்றை விற்றது உண்மைதான். அது போல்ட் போட்டுப் பூட்டுவது. பின்சக்கரம் மாட்டும் இடம் இரண்டிலும், பெடலுக்குப் பின்னால் ஒரு இடத்திலும் பிடிக்கும். சைக்கிளின் ஃபிரேமை எங்கேயும் அறுப்பதில்லை. யூபா, டெர்ன் போன்றவர்கள் செய்யும் லாங் டெயில்களில் ஃபிரேமே தொடக்கத்திலிருந்து நீளமாக வடிவமைத்தது. அறுத்து ஒட்டிப் பட்டி பூசியதை ஒரே பீஸ் என்று விற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மோட்டாரிலும் பொய். 250 வாட், லைசென்ஸும் வேண்டாம் பதிவும் வேண்டாம் என்றார். சக்கரத்தைக் கழற்றியபோது உள்பக்கம் 350 என்று பொறித்திருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அந்த விலக்கு 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாருக்கும், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்துக்கும், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கும்தான். சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும். நான்கு மாதம் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, பதிவு இல்லாத மோட்டார் வண்டியை ஓட்டியிருக்கிறேன். யாரையாவது இடித்திருந்தால் என் நிலைமை என்ன?

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கேஸ் நிக்காது" என்று பட்டறைக்காரர் மிரட்டிப் பார்த்தார். அவர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு விசாரித்ததில், தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்த வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர், தையல்காரர், என்னைப் போல மாவு போடுகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். யாராவது இப்படி மிரட்டினால் பின்வாங்காதீர்கள். பில் இல்லாததால் கொஞ்சம் அலைந்தேன். ஜிபே ரசீதும் அந்தக் குரல் செய்தியும் துண்டுச் சீட்டும் பெரியவர் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பும்தான் இப்போது என் ஆதாரம். பிளந்த ஃபிரேமை விற்காமல், வெல்டு வைக்காமல், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

யாராவது லாங் டெயில் பார்க்கப் போனால் ஒரு சின்னக் காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரம்வரை குழாயின் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். இரும்பு ஃபிரேமில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். அலுமினிய ஃபிரேம் என்றால் காந்தம் எங்கேயும் பிடிக்காது, அங்கே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒழுங்கான வெல்டிங் பெரும்பாலும் மீன் செதில் மாதிரி வரிவரியாக வெளியே தெரியும். குழாயின் நடுவில் இணைப்பு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பின் பிரேக் வயரை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது காலி வண்டியை ஓட்டாதீர்கள். இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். ஃபிரேம் எண் எழுதிய பில் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பச்சை பெயிண்ட் அடித்து, பின்பலகையில் கறுப்பு ரப்பர் விரித்த லாங் டெயிலை நம் பக்கத்தில் யாராவது வாங்கியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பெடலுக்குப் பின்னால் இருக்கும் குழாயைச் சுரண்டிப் பாருங்கள். பார்க்கும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். சாம்பல் நிறத்தில் உதிர்ந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த விசாரணையில் சேர்த்துக் கொடுக்கிறேன்.