மாட்டுத்தாவணி பூச்சந்தை: விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு சபரிமலை போகிறவர்களும், கலியாணச் சாமான் எடுக்க இந்தியா போகிறவர்களும் மதுரையில் இறங்கினால் விடிகாலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தையை ஒருமுறை பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய சந்தைதான். ஆனால் ஹட்டன் பக்கமிருந்து போன ஒரு குழுவுக்கு அங்கே நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கிலோ மல்லிக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். தங்கிய இடத்தில் பயணப்பெட்டி நிறுக்கிற கைத்தராசில் தூக்கிப் பார்த்தால் ஒரு கிலோ 550 கிராம். பையைக் கவிழ்த்தபோது மேலே இருந்த வெள்ளை மொட்டுகளுக்குக் கீழே நுனி கருகிய முதல்நாள் பூ, அதற்கும் கீழே ஒரு கை தண்ணீர்.

அவர்கள் விலையில் ஏமாறவில்லை. நாலு கடை விசாரித்து, அன்றைய சந்தை விலைக்குத்தான் வாங்கினார்கள். ஏமாந்தது எடையிலும் பூவின் நிலையிலும். விலை பேசி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், அங்கேதான் இழப்பு தொடங்குகிறது. பேசுவதும் நம் தமிழ், கூப்பிடுவதும் "சாமி" என்று. தராசை எட்டிப் பார்க்கவே கூச்சமாகிவிடுகிறது.

முதலில் ஈரம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரக் கொழுந்துக்குக் கழிவு வெட்டுவதை நம்மில் பாதிப் பேர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள். அதே கணக்கு இங்கே தலைகீழாக நடக்கிறது. பூவில் தண்ணீர் தெளித்து, அந்தத் தண்ணீரையும் பூ விலைக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். கிலோ 2,000 இந்திய ரூபா விற்கிற நாளில் 100 கிராம் தண்ணீர் என்றால் 200 ரூபா. நம் இலங்கைக் காசில் 600 ரூபாவுக்கு மேல். கேட்டால் "பனியில பறிச்ச பூ சாமி, ஈரமாத்தான் இருக்கும்" என்பார்கள். பனி ஈரம் உண்மைதான், ஆனால் அது மொட்டின் மேல் படலமாக நிற்கும், சொட்டாது. ஒரு கைப்பிடி பூவை அள்ளி உலர்ந்த கைலேஞ்சியில் வைத்து லேசாக உதறுங்கள். துணி இரண்டொரு இடத்தில் நனைந்தால் பனி. முழுக்க நனைந்து ஒட்டினால் குழாய்த் தண்ணீர்.

அடுத்தது தராசு. எண் காட்டும் மின்தராசு என்பதால் பிழைக்காது என்று நம்பிவிடுகிறோம். பூ போடுவதற்கு முன் எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் கூடையோ தட்டில் இருந்தால், அதை வைத்த பிறகு பூச்சியமாக்கச் சொல்லுங்கள். எண் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பூவைக் கொட்டிய கை விலகி, எண் அசையாமல் நின்ற பிறகுதான் அது எடை. இத்தனையும் சரியாக இருந்தும் தராசே பொய் சொல்லலாம். அதைக் கண்டுபிடிக்க, உடைக்காத ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தட்டில் வையுங்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. போத்தலுக்கும் மூடிக்கும் இன்னும் சில பத்துக் கிராம். 1.020, 1.040 என்று வந்தால் சரி. 1.150 என்று வந்தால் போத்தலை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். சண்டை வேண்டாம். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்படவும் மாட்டார். அப்படிப்பட்டவர்கள் அந்தச் சந்தையில் நிறையவே இருக்கிறார்கள்.

கால் கிலோ, நூறு கிராம் குழப்பமும் உண்டு. வெயில் காலத்தில் கிலோ சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் மல்லி, மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து ஆயிரங்களில் ஏறிவிடும். முகூர்த்த நாள் சேர்ந்தால் இன்னும் மோசம். அந்த நாட்களில் சில்லறைக்குக் கொடுப்பவர்கள் நூறு கிராமுக்கு விலை சொல்வார்கள், நாம் கிலோ என்று காதில் வாங்கிக்கொண்டு தலையாட்டுவோம். "எத்தனை கிராமுக்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பூவின் நிலையை அறிய, கையை மூட்டையின் அடிவரை விட்டு ஒரு பிடி எடுக்க வேண்டும். அன்று பறித்த மல்லி மொட்டு இறுக மூடி, வெள்ளையாக, காம்புப் பக்கம் லேசான பச்சையோடு இருக்கும். அது அன்று மாலைதான் விரியும். காலை ஆறு மணிக்கே வாய் திறந்து நிற்பது நேற்றைய பூ. ஐசில் கிடந்த பூவின் நுனி கண்ணாடி போல் ஊறி, பிறகு பழுப்பாகும்.

கட்டிய சரத்தில் வேறு விதமான ஏமாற்று. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குள்ள மதிப்பில், மல்லி போலத் தெரியும் காக்கட்டான் என்ற வேறு பூவையும் சேர்த்து விற்கிறார்கள். பூப்பந்தின் வெளிச்சுற்று மல்லி, உள்சுற்று காக்கட்டான். காக்கட்டான் மொட்டு மெலிந்து நீண்டிருக்கும், வாசம் இல்லையென்றே சொல்லலாம். மல்லி மொட்டு உருண்டையாக இருக்கும், ஒன்றைக் கிள்ளினாலே விரலில் மணக்கும். பந்தை இரண்டு முழம் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, ஏறத்தாழ ஒன்றரை அடி. விற்பவர் மணிக்கட்டை மடக்கி அளந்தால் நாலு விரல் போய்விடும். உங்கள் பையின் வாரில் 45 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தால் பேச்சே வேண்டியதில்லை. கட்டு நெருக்கமா என்றும் பாருங்கள். கண்ணிக்குக் கண்ணி நார் வெளியே தெரிந்தால் நாருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நீலம், பச்சை நிறச் சம்பங்கி சாயத்தில் நனைத்தது. வேட்டியில் இறங்கினால் போகாது, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம். ஓட்டோக்காரர் "எனக்குத் தெரிஞ்ச கடை" என்று கூட்டிப்போனால் அவருடைய தரகும் உங்கள் பூவின் விலையில் ஏறும்.

இனிச் சொல்லப்போவதில் காசை விடப் பெரிய நட்டம் இருக்கிறது. ஊருக்குக் கொண்டுபோக என்று மல்லி நாற்றுகளைச் சேற்றோடு கட்டி, பொலித்தீனில் சுற்றித் தருகிறார்கள். "பெட்டிக்குள்ள வெச்சா யாரும் கேக்க மாட்டாங்க" என்று உறுதியும் சொல்கிறார்கள். கேட்பார்கள். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே பெற்ற அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டுவந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்து அழித்துவிடுவார்கள். பூவையும் பெட்டியில் போட வேண்டாம். ரெஜிபோம் பெட்டியில் (அங்கே தெர்மாகோல்) ஐஸ் வைத்துக் கட்டித் தருவதற்கும் தனிக் காசு வாங்கிவிடுவார்கள். கோயிலுக்கு வாங்கிய பூவை அங்கேயே சாத்திவிட்டு வாருங்கள்.

அதிகாரிகள் கெடுபிடி செய்கிறார்கள் என்று நம் ஆட்கள் கோபப்படுவதுண்டு. கோப்பித் தோட்டத்துக்கென்று நம் முன்னோரைக் கூட்டிவந்த மலையில், 1869இல் தெரிந்த இலைத்துரு நோய் கோப்பியையே இல்லாமலாக்கியது. அதற்குப் பிறகு வந்த தேயிலையில் 1946இல் கொப்புள நோய் தெரிந்தது, இன்றும் மழைக்காலத்தில் அதற்கு மருந்து அடிக்கிறோம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண வித்துகளால் பரவுகிறவை. நாற்றின் வேரில் ஒட்டிய மண்ணில் என்ன வருகிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

தப்பித்தவறி வந்து சேர்ந்தாலும் அந்த மல்லி நம் மலையில் சரியாகப் பூக்காது. அதற்கு மதுரை வெயில் வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாக் குளிரில் இலை மட்டும் விட்டு, முடங்கி நிற்கும். மல்லி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மாத்தளைப் பக்கம், இல்லாவிட்டால் கீழ்நாட்டில் உள்ள நாற்றுமேடையில் வாங்கி, நல்ல வெயில் விழும் சுவரோரத்தில் சட்டியில் வைத்துப் பாருங்கள்.