கேட்கும்போது இல்லை, கதைக்கும்போதுதான் தலையிடி

காதுக்குள் செருகுகிற வகை இயர்பட்ஸ் ஒன்றை ஒரு வருடத்துக்கு மேலாகப் பாவிக்கிறேன். பாட்டுக் கேட்க அருமையான சாமான். நாள் முழுக்கக் கதைத்து வேலை செய்ய அது சரிவராது. இந்த முடிவுக்கு வருவதற்குள் எத்தனையோ காலைகள் தலையிடியோடு போய்விட்டன. கம்பனியின் பெயரை எழுதவில்லை. சிலிக்கன் முனையோடு காதை அடைக்கிற எந்த இயர்பட்ஸிலும் இது நடக்கலாம்.

திருகோணமலை உவர்மலையில் வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வாடிக்கையாளர் அழைப்புகள் எடுக்கிற வேலை எனக்கு. காலையில் காதில் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவேன். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கதை. தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதுக்கு முன்னால், கன்னமும் காதும் சேருகிற இடத்தில் ஒரு நோ. அது மெல்ல நெற்றிப்பொட்டுக்கு ஏறி, பத்து மணிக்கெல்லாம் பக்கத் தலை முழுக்க இடிக்கும். இடது பக்கம் எப்போதும் கூட.

அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "அந்தப் புளூடூத் கதிர்தான் பிள்ளை மண்டைக்குள்ள போகுது, கழட்டி வை." இப்படிச் சொல்லாத வீடு திருமலையில் இருக்காது என்று நினைக்கிறேன். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் பாவிக்கிறதும் அதைத்தான். ஆனால் இயர்பட்ஸ் அனுப்புகிற சக்தி வழக்கமாக ஒரு சில மில்லிவாட்தான். சிக்னல் குறைந்த இடத்தில் போனைக் காதோடு ஒட்டிக் கதைத்தால், அந்தப் போன் 200 மில்லிவாட் வரைக்கும் போகும். அலைதான் காரணமென்றால் போனைக் காதில் வைக்கும்போதல்லவா எனக்குக் கூட இடித்திருக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் ரேடியோ அலைகளை 2பி என்ற வகுப்பில் போட்டது உண்மைதான். அது புற்றுநோய் பற்றிய "இருக்கக்கூடும்" என்ற அளவிலான வகுப்பு, தலையிடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். "அப்ப போனையும் தூர வை" என்றார்.

எனக்குத் துப்புக் கிடைத்தது கொழும்பு போகும் இரவு பஸ்ஸில். ஹபரணைக் காடு, தம்புள்ளை, குருநாகல் என்று விடியும் வரைக்கும் அதே இயர்பட்ஸைப் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். இறங்கும்போது இடுப்புத்தான் நொந்தது, தலை இல்லை. வீட்டில் ஒரு மணித்தியாலத்தில் வருகிற இடி பஸ்ஸில் ஏன் வரவில்லை? பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை.

சுண்டு விரலைக் காதுத் துவாரத்தில் மெல்ல வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பக்கச் சுவர் அசைவது விரலில் தெரியும். தாடை மூட்டு இருப்பது காதுக் குழாய்க்கு நேர் முன்னால். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் குழாயின் வடிவம் கொஞ்சம் மாறும். அதற்குள் இறுக்கமாக ஒரு அடைப்பு இருந்தால், காலை முழுக்க அது உரசிக்கொண்டும் அழுத்திக்கொண்டும் இருக்கும். காதுக் குழாயின் முன்பக்கத் தோலுக்கும், தாடை மூட்டுக்கும், நெற்றிப்பொட்டுக்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஒன்றேதான். அதனால்தான் காதில் தொடங்கியது நெற்றிப்பொட்டில் போய் இடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. காதை அடைத்துக்கொண்டு கதைத்தால் எங்கள் குரல் எங்களுக்கே உள்ளுக்குள் முழங்கும். எலும்பு வழியாக வருகிற தாழ்ந்த ஒலி, வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் தங்குவதால் வருவது அது. குரல் பெரிதாகக் கேட்கிறபடியால் தன்னையறியாமல் மெதுவாகக் கதைப்போம். மறுபக்கத்தில் இருப்பவர் "கேக்கேல்ல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ" என்பார். திரும்ப உயர்த்துவோம், திரும்பத் தாழும். இந்த இழுபறியில் தாடையும் கழுத்தும் இறுகிப் போயிருந்ததை நான் கவனிக்கவே பல நாள் எடுத்தது. நொய்ஸ் கான்சலேஷன் (வெளிச் சத்தத்தைக் குறைக்கிற வசதி) தரத்தைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அவர்கள் பாட்டுப் போட்டுத்தான் சோதிக்கிறார்கள், நாலு மணித்தியாலம் கதைத்துப் பார்ப்பதில்லை.

நொய்ஸ் கான்சலேஷன் என்றதும் சிலர் காது அடைக்கிற மாதிரி, தலை கனக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கும் முதல் கிழமைகளில் இருந்தது. புறாமலைப் பக்கம் சுழியோடினால் வருகிற அடைப்பு அசல் அழுத்தம்; பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இயர்பட்ஸ் அப்படி எதையும் கூட்டுவதில்லை. வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விடுகிறது. இது நன்றாக வேலை செய்வது இஞ்சின், ஃபேன் போன்ற தாழ்ந்த ஒலியில்தான். தாழ்ந்த ஒலி மட்டும் சட்டென்று காணாமல் போக, மூளை அதை அழுத்த மாற்றமாக எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். அமைதியான அறையில் அதை அணைத்து வைத்ததும் எனக்கு அந்தக் கனம் போய்விட்டது. உண்மையான அழுத்தம் கொஞ்சம் வருவது முனையைத் தள்ளிச் செருகும்போதுதான். காதை மேலே இழுத்து, மெல்லத் திருப்பிப் போட்டால் அதுவும் குறையும்.

பெரிய வித்தியாசம் தந்தது முனையின் அளவு. பெட்டியில் மூன்று அளவு வரும். நடு அளவைப் பூட்டியே தருவார்கள், பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுவார்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. என் இடது காதுக்குச் சின்னது, வலதுக்கு நடு. சின்னதைப் போட்டதும் பேஸ் (பாட்டின் தாழ்ந்த ஒலி) கொஞ்சம் இறங்கியது, நோவும் இறங்கியது. ஃபோம் முனையும் வாங்கிப் பார்த்தேன். மென்மை என்றால் மென்மைதான், ஆனால் எங்கள் ஊர் வெக்கைக்கு அது ஆகாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காதுக்குள் கடி தொடங்கிவிடும். உப்புவெளியில் கடலில் குளித்துவிட்டு ஈரக் காதோடு செருகுவதை விட்டுவிடுங்கள். ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் காதுக் குழாயில் தொற்று வர அது போதும்.

காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரிடமும் போனேன். காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்து, இரவில் பல்லைக் கடிக்கிறனீங்களா என்று கேட்டார். குறும்பி தானாக வெளியே வரவேண்டியது. நாள் முழுக்க அடைத்து வைத்தால் உள்ளேயே தங்கும் என்று சொல்லி, தங்கியதை எடுத்துவிட்டார். அதோடு இடது பக்கம் இன்னும் கொஞ்சம் லேசானது.

பனடோல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு அதே சாமானைக் காதில் வைத்திருப்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகச் சாதாரண நோ மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலையிடியைத் தொடர வைக்கலாம் என்பது தலையிடிகளின் சர்வதேச வகைப்பாட்டில் வரையறுத்த விஷயம். அதே வகைப்பாட்டில் ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, தலைப்பட்டி அழுத்துவதால் வருகிற தலையிடிக்கும் தனி இடம் உண்டு. அழுத்தம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வரும், கழற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் போகும். அதில் இயர்பட்ஸின் பெயர் இல்லை, ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்க அந்தக் கணக்கு உதவும். கழற்றியும் போகாத இடி, காதிலிருந்து நீர் வடிவது, ஒரு காது திடீரென்று மந்தமாவது என்றால் இயர்பட்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

வொலியூம் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 80 டெசிபெல்லில் கிழமைக்கு 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். பஸ்ஸில் நொய்ஸ் கான்சலேஷன் போட்டால் பாதி வொலியூமே காணும். அங்கே அதன் காசுக்கு வேலை செய்கிறது.

இப்போது வேலைக்கு நான் பாவிப்பது ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்து உட்காருகிற, வயர் உள்ள பழைய மாதிரி ஹெட்செட். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் கத்தத் தேவையில்லை, என் குரலும் எனக்கு இயல்பாகக் கேட்கிறது. காகம், கோயில் லவுட்ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மோட்டர் எல்லாம் மற்றக் காதால் வரும், வரட்டும். பத்து மணி இடி இப்போது இல்லை. இயர்பட்ஸ் பஸ்ஸுக்கும், கனடாவில் இருக்கிற அண்ணாவோடு இரவில் கொஞ்ச நேரம் கதைக்கவும். தனியே ஒன்றைப் போட்டுக் கதைத்த காலத்தில் இடது பக்கத்தையே பாவித்ததால் அதன் பட்டரி முந்தி இறங்குகிறது. மற்றபடி சாமான் நல்லாத்தான் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மத்திய வீதிக் கடைகளில் போட்டுப் பார்க்க விடுவது குறைவு, விட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, நல்லாத் துடைத்து, உங்கள் முனையைப் பூட்டி, யாருக்காவது கோல் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்துப் பாருங்கள்.